குசினிச் சுவரும் கொழும்புப் பெயின்டும்



இந்த இதழில் ஒரு சிறிய விஷயத்தை எழுதுகிறேன். சிறிய விஷயம்தான், ஆனால் வருஷா வருஷம் நம்ம கைக்காசைக் கரைக்கிற விஷயம். அதுதான் குசினிச் சுவருக்கு அடிக்கிற பெயின்ட்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் டிவிஷனில் ஒரு குடும்பத்தினர் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் என்னிடம் வந்தார்கள். "சேர், குசினி முழுக்கக் கரி புடிச்சிக் கெடக்கு. என்ன பெயின்ட் வாங்கலாம்?" என்று கேட்டார்கள். நான் சுவரைப் போய்ப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலேயே, "எண்ணெய்ப் பெயின்ட் வாங்குங்க. எனாமல். ஈரத் துணியால தொடச்சா அழுக்குப் போயிரும். பல வருஷம் நிக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர்களுடைய மகன் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறான். அவன் இரண்டு டின்னைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் வந்தான். தீபாவளிக்கு முதல் நாள் அடித்து முடித்தார்கள். பார்க்க நல்ல பளபளப்பு. எனக்கும் பெருமை.

தைப்பொங்கலுக்குப் போனபோது சுவரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி இருந்தது. மாசி மாதம் பார்த்தால் பெரிய பெரிய தோலாக உரிந்து தொங்குகிறது. முற்பணக் கழிவோ இன்னும் அவர்களுடைய சம்பளத் துண்டில் ஓடிக்கொண்டிருந்தது. கழிவு முடியும் முன்னே பெயின்ட் முடிந்துவிட்டது. அந்த வீட்டு அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பெயின்ட் சரியில்ல போல சேர்" என்றார். பெயின்ட் சரியாகத்தான் இருந்தது. யோசனை சொன்ன நான்தான் சரியில்லை.

இது எனக்கு விளங்கியது கொழும்புக்குப் போனபோதுதான். அங்கே கற்றுக்கொண்டதை எல்லோருக்கும் சொல்லுவது என் கடமை என்று நினைத்து எழுதுகிறேன்.

கொழும்பில் பார்த்த இரண்டு சுவர்கள்

என் தங்கை கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறாள். 2022ஆம் ஆண்டு நாட்டில் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் சனங்கள் வரிசையில் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதங்களில் கொழும்புக் குசினிகள் பலவும் நம்ம லயத்துக் குசினி மாதிரியே ஆகிவிட்டன. என் தங்கையும் புகைபோக்கி இல்லாத அந்தச் சிறிய குசினியில் விறகு எரித்துத்தான் சமைத்தாள். காஸ் திரும்பக் கிடைத்ததும் கரிபிடித்த சுவருக்கு மேலேயே வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சு அடித்தார்கள். சில கிழமைகளில் தேயிலைச் சாயம் கொட்டியதுபோல மஞ்சள் திட்டு மேலே வந்துவிட்டது. மூன்றாம் பூச்சு அடித்தும் மறையவில்லை.

பிறகு ஒரு பெயின்ட் பாஸைக் கூப்பிட்டாள். அவரும் நம்ம பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போனவர். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மாடி வீடுகளில்தான் அவருக்கு அதிக வேலை. நான் தங்கை வீட்டில் நின்ற நேரம் அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார், தரையோரம் குனிந்து பார்த்தார். டின்னைத் திறக்கவே இல்லை. "சேர், பெயின்ட் அடிக்கிறது ரெண்டு நாள் வேல. சுவர படிக்கிறதுதான் பெரிய வேல" என்றார்.

நான் நம்ம லயத்து அக்காவின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நனஞ்ச சுவருக்கு எனாமல் அடிச்சா, நனஞ்ச பிள்ளைக்கு ரெயின்கோட் போட்ட மாதிரி சேர். உள்ள இருக்கிற தண்ணி எங்க போகும்?" என்று கேட்டார். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம்ம பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

மறுநாள் அவரோடு வெள்ளவத்தைக்கும் போனேன். அங்கே கட்டிடங்கள் புதியவை, சுவர் சீமெந்து. ஆனால் கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து சுவரில் படிய வைக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் அவர் பெயின்டுக்கு முன் சுவரை நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் வேலை தொடங்குகிறார். கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டில் கதை வேறு. அங்கே செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். நிலத்து ஈரத்தைத் தடுக்கும் படை அத்திவாரத்துக்கு மேலே கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல சுவர் நிலத்துத் தண்ணீரை மேலே இழுக்கிறது. பிற்காலத்தில் யாரோ அதற்கு மேல் சீமெந்து பூசிவிட்டார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரமாக ஏறுகிறது.

நம்ம பழைய லயத்துச் சுவரில் இந்த இரண்டு கஷ்டத்தோடு விறகுப் புகையும் சேர்ந்திருக்கிறது. ஆகவே பெயின்ட் கடைக்குப் போகும் முன்னே செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஈரம் எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள்

ஒரு சொப்பின் பேக்கை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு பகல் ஓர் இரவு விடுங்கள். பிறகு பாருங்கள். பேக்கின் உட்பக்கத்தில், சுவரோடு இருந்த பக்கத்தில், நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் துளி இருந்தால் அது சமையல் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராவது. முதலாவதுக்கு மருந்து வெளியில். இரண்டாவதுக்கு மருந்து ஜன்னலைத் திறப்பது.

லயத்துக்குப் பின்னால் மண்மேடு சுவரோடு சாய்ந்து கிடக்கிறதா? கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? தகரம் ஒழுகுகிறதா? இவற்றைத் திருத்தாமல் எந்த விலையுள்ள பெயின்ட் அடித்தாலும் நிற்காது. மண்ணை இழுத்து, சுவரை விட்டுத் தள்ளி ஒரு கான் வெட்டுங்கள். மலையில் கான் வெட்டத் தெரிந்த நமக்கு வீட்டுக்குப் பின்னால் வெட்டுவது பெரிய காரியமா? கூரை வேலை, பெரிய வடிகான் வேலை என்றால் நீங்களே காசு போட வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். எழுதி நிர்வாகத்துக்குக் கொடுப்பது என் பொறுப்பு.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள்.

2. கரியைக் கழுவுங்கள்

விறகுப் புகையில் வெறும் கரித்தூள் மட்டுமல்ல, தாரைப் போன்ற பிசினும் இருக்கிறது. எமல்ஷன் தண்ணீரில் கரைத்த பெயின்ட். அடிக்கும்போது அந்தத் தண்ணீர் பிசினின் சாயத்தை இழுத்து மேலே கொண்டுவருகிறது. என் தங்கை வீட்டு மஞ்சள் திட்டு அதனால்தான் வந்தது.

முதலில் காய்ந்த விளக்குமாற்றால் கரியைத் தட்டுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு சுடுதண்ணீரில் சலவைச் சோடாவோ சவர்க்காரத் தூளோ கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். கீழே இருந்து மேலே கழுவிக்கொண்டு போங்கள். மேலிருந்து தொடங்கினால் கரித்தண்ணீர் காய்ந்த சுவரில் ஓடிக் கோடு விழுந்துவிடும். கடைசியில் நல்ல தண்ணீரால் அலசுங்கள். பூஞ்சணம் பிடித்த இடத்துக்கு ஒரு பங்கு வீட்டுக் குளோரின் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணித்தியாலம் விட்டு அலசுங்கள். ஜன்னல், கதவு திறந்திருக்கட்டும். கக்கூஸ் கழுவும் அசிட்டோடு குளோரினை ஒருபோதும் கலக்காதீர்கள். அதில் எழும்பும் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

கழுவியும் போகாத கறைக்கு எண்ணெய் கலந்த பிரைமர் ஒரு பூச்சு வேண்டும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும்தான். அதற்கு மேல் எமல்ஷன் அடித்தால் கறை வெளியே வராது.

3. எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு

அடுப்புச் சுவர்: இதற்குச் சுண்ணாம்புதான் நல்லது. நம்ம தாத்தா பாட்டி செய்ததைப் பழைய பழக்கம் என்று தள்ள வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுவரிலேயே கல்லாக இறுகுகிறது. சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடுகிறது. அதன் காரத்தில் பூஞ்சணம் பிடிப்பது குறைவு. சூட்டில் கொப்புளிக்காது, தீப்பிடிக்காது. எனாமல் பெயின்டை அடுப்புக்குப் பக்கத்தில் அடிக்கவே கூடாது. சுண்ணாம்பைக் கழுவ முடியாது என்பது உண்மை. ஆனால் கரி பிடித்தால் வருஷத்துக்கு ஒரு தரம் மேலே அடித்துக்கொள்ளலாம். செலவும் சிறிது.

பக்கற்றில் வரும் சுண்ணாம்புத் தூளை இரவே தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடித்து, பால் பதத்தில் கலக்குங்கள். சுவரை லேசாக நனைத்துவிட்டு மெல்லிய பூச்சாக மூன்று தரம், ஒரு நாளைக்கு ஒன்றாக அடியுங்கள். தடித்த பூச்சு பொரிந்து விழும். நீற்றாத கல்லுச் சுண்ணாம்பு என்றால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் இருபது நிமிஷம் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மற்றச் சுவர்கள்: காய்ந்த சுவர் என்றால் கழுவக்கூடிய எமல்ஷன் போதும். கொஞ்சம் மினுமினுப்பு உள்ளதைக் கேளுங்கள். மினுமினுப்பு இல்லாதது அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சாமான் கழுவும் இடம், காஸ் அடுப்பில் எண்ணெய் தெறிக்கும் இடம்: சீமெந்துச் சுவராக இருந்து, சொப்பின் பேக் சோதனையில் காய்ந்ததாகத் தெரிந்தால் மட்டும், நான்கு அடி உயரத்துக்கு எனாமல் அடிக்கலாம். வெள்ளவத்தை மாடி வீடுகளில் நம்ம பாஸ் செய்வது இதுதான்.

ஏழு பேர்ச்சஸ் காணியில் புது வீடு கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புதுச் சீமெந்துப் பூச்சில் காரம் அதிகம். குறைந்தது நாலு கிழமை, மழைக் காலமென்றால் அதற்கும் கூட, காயவிட வேண்டும். காரமும் ஈரமும் உள்ள சுவரில் எனாமல் அடித்தால் அந்த எண்ணெய் சவர்க்காரம் மாதிரி மாறிப் பிசுபிசுக்கும். காரத்தைத் தாங்கும் பிரைமர் என்று கேட்டு வாங்கி முதலில் ஒரு பூச்சு அடியுங்கள்.

4. தீபாவளிக்கு ஏன் வேண்டாம்

நமக்குக் காசு வருவது தீபாவளிக்கு. ஆனால் ஐப்பசி மழைக் காலம். அந்த நேரம் லயத்துச் சுவர் தண்ணீர் குடித்த பஞ்சு மாதிரி இருக்கும். நான் செய்த பெரிய பிழையே இதுதான்.

கொழுந்துக்கு எப்போது நல்ல ருசி வருகிறது? ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் தை முதல் பங்குனி வரை. பதுளை, பசறை, பண்டாரவளை பக்கம் ஆடி, ஆவணி. காய்ந்த காற்று வீசும் காலம் அது. கொழுந்துக்கு ருசி கொடுக்கிற அதே காற்றுதான் சுவரையும் காய வைக்கிறது. கொழுந்து குறைவாக இருக்கும் அந்த நாட்களில்தான் பெயின்ட் வேலையை வைத்துக்கொள்ள வேண்டும்.

தீபாவளிக்கு வீடு வெளுக்காமல் இருக்க மனசு கேட்காது, தெரியும். அப்போது கரியைக் கழுவி, அடுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்புக்கு ஈரச் சுவர் பிரச்சினை இல்லை. பெயின்ட் காசை எடுத்து வைத்து, சுவர் காய்ந்த பிறகு வாங்குங்கள்.

இன்னொன்று. மலைநாட்டுக் குளிரில் பெயின்ட் சரியாக இறுகாது. பத்துப் பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் எமல்ஷன் மாவு மாதிரி உதிரும். காலையில் பனி விலகி வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பின்னேரம் இரண்டு மணிக்குள் பிரஷை வைத்துவிடுங்கள். மூடுபனி இறங்கும் முன் பூச்சு காய வேண்டும்.

5. எவ்வளவு வாங்க வேண்டும்

எட்டு அடிக்கு ஆறு அடி குசினி என்று வைப்போம். நாலு பக்கமும் கூட்டினால் 28 அடி. சுவர் உயரம் 8 அடி. 28ஐ எட்டால் பெருக்கினால் 224 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 30 கழித்தால் ஏறக்குறைய 195. இரண்டு பூச்சுக்கு 390. ஒப்பரவான சுவரில் ஒரு லீற்றர் சுமார் 100 சதுர அடிக்கு வரும். ஆகவே 4 லீற்றர் டின் ஒன்று போதும். கரடுமுரடான சுவர் கூடுதலாகக் குடிக்கும். அடுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு என்றால் அந்த அளவைக் கழித்துவிடுங்கள். கொழும்பில் இருக்கும் பிள்ளைக்குப் போன் பண்ணும்போது "ரெண்டு டின் கொண்டா" என்று சொல்லாமல் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு டின் பெயின்ட் என்பது எத்தனை நாள் பேர் என்பது நமக்குத்தான் தெரியும்.

அடிக்கும்போது டின்னில் எழுதியுள்ள அளவுக்கு மேல் தண்ணீர் கலக்க வேண்டாம். பெயின்ட் மிஞ்சுவதுபோல் தெரியும், சுவரில் பலம் இருக்காது. எமல்ஷன் முதல் பூச்சுக்கும் இரண்டாம் பூச்சுக்கும் நடுவே சில மணித்தியாலம் என்று டின்னில் இருக்கும். நம்ம குளிருக்கு மறுநாள் அடிப்பதே நல்லது.

6. பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை

பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். படிப்பு மந்தமாகும். இவ்வளவு ஈயம் உடம்பில் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நம்ம நாட்டில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் வர்த்தமானியில் அறிவித்து, 2013 ஜனவரி 1 முதல் பெயின்டில் ஈயத்தின் அளவைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல், சுவர் நம்ம வீடுகளில் எவ்வளவோ இருக்கிறது.

ஆகவே பழைய பெயின்டைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், சேண்ட் பேப்பர் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும் சின்னப் பிள்ளைகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும். விழுந்த செதில்களை ஈரத் துணியால் கூட்டி அள்ளிப் பையில் கட்டுங்கள். விறகோடு எரிக்கவோ, மரக்கறித் தோட்டத்தில் கொட்டவோ வேண்டாம். பிரஷைப் பீலிக்கரையில் கழுவவும் கூடாது.

வாங்கும்போது பெயர், தயாரித்த திகதி, எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள மூடிய டின்னாகப் பாருங்கள். லேபல் இல்லாத டின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பில்லை வைத்திருங்கள். ஏமாற்றப்பட்டால் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கடைசியாக

அந்த அக்காவின் குசினிக்கு மறுபடி போனேன். இந்த முறை வெறுங்கையோடு போகவில்லை, ஒரு சொப்பின் பேக்கும் டேப்பும் கொண்டுபோனேன். பின்பக்க மண்மேட்டை அவருடைய வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு இளைஞர்களும் சேர்ந்து இழுத்துக் கான் வெட்டினார்கள். தகரத்துக்கு நான் எழுதிக் கொடுத்தேன், கொஞ்சம் தாமதமானாலும் வேலை நடந்தது. உரிந்த எனாமலை ஈரமாகச் சுரண்டி எடுத்து, சுவரை மழைக் காலம் முடியும் வரை சும்மா விட்டோம். மாசியில் அடுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பும் மற்ற மூன்று சுவருக்கு எமல்ஷனும் அடித்தார்கள். மூன்று வருஷமாகிறது. அடுப்புச் சுவருக்கு மட்டும் வருஷா வருஷம் சுண்ணாம்பு போடுகிறார்கள். மற்றச் சுவர்கள் அப்படியே நிற்கின்றன.

போன தீபாவளிக்கு அந்த மகன் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தபோது தோளில் டின் இல்லை. கையில் அம்மாவுக்கு ஒரு சேலை இருந்தது.

உங்கள் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் வாங்க நினைத்தால் முதலில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இனிமேல் இருந்த இடத்திலிருந்து யோசனை சொல்ல மாட்டேன். வந்து சுவரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவேன்.

உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்